கோமாளிக்கு மேடை மறுப்பதா?

சென்ற பொங்கல் விழாவிற்கு முன்னர் நம் விழாக்குழு கூடியபோது சிறுவர் நிகழ்ச்சிகளின் பட்டியல் படிக்கப்பெற்றது. திருக்குறள் ஒப்புவித்தல், பாரதியார் வேடம், பரதநாட்டியம் ஆகியவை எதிர்ப்பின்றி ஏற்கப்பெற்றன. அடுத்து வந்தது, நம் பிள்ளைகள் அறுவர் பெரியோர் துணையின்றித் தாமே ஆயத்தம் செய்திருந்த இருபது நிமிட நாடகம். 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' என்னும் திரைப்படத்தின் சில காட்சிகளைத் தழுவியது அது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், நான் பெரிதும் மதிக்கின்ற மூத்த உறுப்பினர் ஒருவர், "தமிழ்ச் சங்கத்தின் மேடையில் கோமாளிக் கூத்துக்கு இடமில்லை. உணவு நேரத்தில் கீழ்க்கூடத்தில் ஆடிக்கொள்ளட்டும்" என்றார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருபது ஆண்டுகளாகக் கோப்பின் ஓரத்தில் 'ஆணைப்படி சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. வாயும் அவ்வாறே பழகிவிட்டது போலும். அன்று பேசாது விட்டதை இன்று எழுதுகிறேன்.

அப்பெரியவர் சொன்ன காரணங்களையும் மறைக்காது சொல்லிவிடுவது முறை. நகைச்சுவை நடிகர் என்பவர் கதைக்கு ஊறுகாய் போன்றவர், ஊறுகாயை இலை நிறையப் பரிமாறலாகாது என்பது ஒன்று. அவர்கள் பேசும் தமிழ் கொச்சை, அயலூரில் வளரும் பிள்ளைகள் செவ்விய தமிழையே கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. மாற்றாக, 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாகசுரமும் நாட்டியமும் போட்டியிடும் காட்சியைச் செய்யலாமே என்றும் அருளினார்கள். அந்தப் பெயரை அவர்கள் எடுத்தது எனக்கு மிகவும் நல்லதாயிற்று. அதற்குப் பின்னர் வருகிறேன்.

செவ்விய தமிழ் என்று பேச வந்தோமாயின் முதலில் தொல்காப்பியரைக் கேட்போம். மெய்ப்பாடு எட்டனை வகுத்த அவர் வரிசையில் முதலில் நிறுத்தியது எதனை? பெருமிதத்தையா? அன்று. நகையை. அந்த நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் கூறினார். தெருக்கூத்தில் மன்னன் வருமுன்னர் மேடையேறி அவையைத் தன்வயப்படுத்துகிறவன் கட்டியக்காரன். அவன் இல்லையேல் துரியோதனனும் இல்லை. கோமாளியைக் கீழ்க்கூடத்திற்கு அனுப்பும் வழக்கம் தமிழ் மரபில் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் பார்த்தேன். மரபில் கிடைக்கவில்லை, திரைப்படத் தயாரிப்பாளர்களின் ஊதியப் பட்டியலில்தான் கிடைத்தது.

இனி என் வீட்டுச் செய்தி ஒன்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சப்பானியச் சித்திரப் படங்களில் மூழ்கிக் கிடப்பவள். அனிமே என்கிறார்கள். அவற்றிற்கு மூலமான சித்திரக் கதைகளுக்கு மங்கா என்று பெயர் (நம் ஊர் மாங்காய்க்கும் இதற்கும் உறவில்லை). நம் சங்கத்து வீடுகளில் இன்று பல பிள்ளைகள் இப்படித்தான். அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. தான் விரும்பிய சித்திரங்களை உயிருள்ள நடிகர்களைக் கொண்டு எடுக்கும்போதெல்லாம் கெடுத்துவிடுகிறார்களாம். அமெரிக்கர் 2009-இல் எடுத்த 'டிராகன்பால் எவல்யூஷன்' இன்றும் பிள்ளைகளின் ஏளனத்திற்கு ஆளாகி நிற்கிறது. 2021-இல் வெளிவந்த 'கௌபாய் பீபாப்' தொடர் ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டது. ஆனால் 1997 முதல் வெளிவரும் 'ஒன் பீஸ்' என்னும் மங்காவைத் தழுவி 2023-இல் எடுத்த தொடரைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். "ஏன் இது மட்டும் பிடித்தது?" என்று கேட்டேன். "இதில் நடிப்பவர்கள் அசட்டுத்தனமாகத் தெரிவதற்கு வெட்கப்படவில்லை, அப்பா" என்றாள்.

இந்த ஒரு விடையில் நான் சொல்ல வந்ததில் பாதி அடங்கிவிட்டது. சித்திரம் என்பது மிகை. மூக்கு நீளும், காது விரியும், கால்கள் தரையை விட்டெழும். அந்த மிகையைத் தன் உடம்பில் ஏற்பதற்கு அழகிய முகமுடைய கதாநாயகன் அஞ்சுவான். அவன் பிழைப்பே தன் முகம் குலையாதிருப்பதில் இருக்கிறது. அஞ்சாதவன் நகைச்சுவை நடிகன் ஒருவனே. அமெரிக்காவில் 'பாப்பாய்' சித்திரத்திற்கு 1980-இல் உடல் கொடுத்தவர் ராபின் வில்லியம்ஸ். 'தி மாஸ்க்' சித்திரக் கதைக்கு 1994-இல் உடல் கொடுத்தவர் ஜிம் கேரி. இருவரும் மக்களைச் சிரிக்கவைத்தே பெயர் பெற்றவர்கள். சித்திரத்திலிருந்து திரைக்குப் போகும் பாலத்தில் நடக்கக் கற்றவர்கள் இவர்களே.

இதற்குச் சப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போவானேன்? நம்மிடம் இல்லையா? ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்புவை நம் பாட்டன்மார் கண்ணால் கண்டதுபோல் அறிந்திருந்தார்கள். வங்கி எழுத்தனாக இருந்து, அசட்டுத்தனத்தால் வேலை போய், அதே அசட்டுத்தனத்தால் துப்பறியும் மேதையெனப் புகழ் பெற்றவன் சாம்பு. அவனுக்கு முகம் தந்தது ஓவியரின் தூரிகை. பின்னாளில் கோபுலுவின் கையால் அவன் சித்திரத் தொடராகவும் உலவினான். பேதைமையும் மடமையும் நகைக்கு நிலைக்களன் என்றாரே தொல்காப்பியர், அதற்கு உரையாசிரியர் எவரும் இதனினும் தக்க எடுத்துக்காட்டைத் தந்திருக்க முடியாது. தொலைக்காட்சித் தொடரில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது கண்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நாகேசு சாம்புவாக நடித்த திரைப்படம் ஒன்று நமக்கு வாய்க்கவே இல்லை. அந்த ஒல்லி உடம்பும் அம்மைத் தழும்பு முகமும் கண்முன் இருக்க, சாம்புவும் அச்சில் இருக்க, இவ்விரண்டையும் சேர்த்துவைக்க ஒரு முதலாளிக்கும் தோன்றவில்லை. தமிழ்த் திரையுலகின் இழப்புகளில் இதனை நான் பெரிதாகவே கணக்கிடுவேன்.

இப்போது பெரியவர் குறிப்பிட்ட 'தில்லானா மோகனாம்பாளு'க்கு வருவோம். கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்னும் புனைபெயரில் விகடனில் எழுதிய தொடர்கதை அது. அதற்குப் படம் வரைந்தவரும் கோபுலுவே. வாரந்தோறும் அச்சித்திரங்களைக் கண்ட வாசகர்களின் உள்ளத்தில் சண்முகசுந்தரமும் மோகனாவும் வைத்தியும் உருவம் பெற்று நின்றுவிட்டார்கள். 1968-இல் ஏ. பி. நாகராசன் அதனைப் படமாக்கியபோது, என் மகளின் தோழியர் இன்று கேட்கும் அதே கேள்வியைத்தான் அன்றைய வாசகரும் கேட்டிருப்பார்கள்: "நாம் சித்திரத்தில் கண்டவர் இவர்தாமா?" சிவாசி கணேசனும் பத்மினியும் பெரும் கலைஞர்கள், ஐயமில்லை. ஆயினும் அவர்கள் வரும்போது நாம் சிவாசியையும் பத்மினியையுமே காண்கிறோம். வைத்தி வரும்போதோ நாகேசை மறந்துவிடுகிறோம். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, பணக்காரர் முன்னே உடலை மூன்றாக வளைத்து, பெண்ணின் தாயிடம் தேனொழுகப் பேசித் தரகு செய்யும் அந்த மனிதனை நம் ஊர்த் திருவிழாக்களில் நாம் கண்டிருக்கிறோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, இவன் ஒரு பெண்ணை விலை பேசுகிறான் என்ற உண்மை நெஞ்சில் தைக்கிறது. இதுவா ஊறுகாய்? அந்தக் கதையில் தீமை முழுவதையும் தோளில் சுமந்து வருபவன் அவனல்லனோ?

நாகேசின் வாழ்வு எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. தாராபுரத்துக்காரரான அவர் இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றியவர். மத்திய அரசு எழுத்தர் ஒருவர் அப்பதவியை உதறிவிட்டு மேடையை நம்பினார் என்பதை, ஓய்வூதியக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிக்கும் என் போன்றோர் வணங்காமல் இருக்க முடியாது. 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்கு அவர் கதை சொல்லும் காட்சியை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. அதே ஆண்டில் வந்த 'சர்வர் சுந்தரம்' உணவு விடுதிப் பணியாளன் ஒருவன் புகழ்மிக்க நடிகனாகும் கதை. மக்கள் அவனைக் கண்டு சிரிக்கிறார்கள். அவன் விரும்பிய பெண் அவனை விரும்பவில்லை. நகைச்சுவை நடிகனைத் திரையுலகம் எங்கே நிறுத்துகிறது என்பதைத் திரையுலகமே தன் வாயால் ஒப்புக்கொண்ட படம் அது. 'நீர்க்குமிழி' 1965-இல் வந்தது, 'எதிர்நீச்சல்' 1968-இல் வந்தது. பாலசந்தர் என்னும் ஓர் இயக்குநர் மட்டும் அவரை நடுவில் நிறுத்தினார். மற்றையோர் அவரைக் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு காட்சிக்கொருமுறை அழைத்துக்கொண்டார்கள். நடுவணரசின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது 1994-ஆம் ஆண்டின் 'நம்மவர்' படத்திற்காக, அதுவும் துணை நடிகர் என்ற பெயரில். 2009-இல் மறையும்வரை பத்ம விருது ஒன்றும் அவரைத் தேடி வரவில்லை. சந்திரபாபுவின் கதை இதனினும் கொடிது. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று தாமே இயக்கிப் பார்த்தார். திறக்கவில்லை. 1974-இல் ஐம்பது வயதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார்.

நாம் வாழும் ஊர் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் என் பக்கத்து மேசை வங்காள நண்பர் ஒருநாள், "எங்களுக்குச் சந்தோஷ் தத்தா போல உங்களுக்கு யார்?" என்று கேட்டார். சத்தியசித் ராயின் ஃபெலுதா கதைகளில் வரும் ஜடாயு என்னும் லால்மோகன் கங்குலிக்கு ராய் முதலில் ஒரு முகம் வரைந்திருந்தார். 1974-இல் 'சோனார் கெல்லா' படத்தில் அப்பாத்திரத்தைத் தொழிலால் வழக்கறிஞரான சந்தோஷ் தத்தா ஏற்றார். அதன் பின்னர் எழுதிய கதைகளில் ராய் தம் சித்திரத்தை மாற்றிக்கொண்டு, ஜடாயுவைச் சந்தோஷ் தத்தாவின் சாயலிலேயே வரையலானார். சித்திரத்திற்கேற்ப நடிகன் என்பது போய், நடிகனுக்கேற்பச் சித்திரம் என்றாயிற்று. ஒரு நகைச்சுவை நடிகனுக்கு ஒரு பெரும் படைப்பாளி செய்யக்கூடிய மரியாதை இதற்கு மேல் யாது?

அவருடைய பாட்டனார் உபேந்திரகிசோர் எழுதிய சிறுவர் கதையே 1969-இல் 'கூப்பி காயின் பாகா பாயின்' ஆயிற்று. அதில் முரசு கொட்டும் பாகாவாக ரபி கோஷ் வந்தார். அதற்கு முன்னரே, 1958-இல், 'பரஷ் பாத்தர்' என்னும் படத்தின் முழுப் பாரத்தையும் ராய் துளசி சக்கரவர்த்தியின் வழுக்கைத் தலைமேல் ஏற்றிவைத்தார். இரும்பைப் பொன்னாக்கும் கல் ஒன்று கிடைக்கப்பெற்ற வங்கி எழுத்தர் ஒருவரின் கதை அது. (சாம்புவும் வங்கி எழுத்தர், இவரும் வங்கி எழுத்தர், நாகேசு இரயில்வே எழுத்தர். எழுத்தர் குலத்திற்கும் நகைச்சுவைக்கும் உள்ள உறவை எவரேனும் ஆராய்ந்தால் நலம்.) பானு பந்தோபாத்தியாயின் பெயரையோ படத்தின் தலைப்பிலேயே வைத்தார்கள். 'பானு பேலோ லாட்டரி' என்றால் போதும், கூட்டம் வந்தது.

இதனைச் சொன்னவுடன் நம்மில் சிலர், "வங்காளிகள் வங்காளிகளே!" என்று உருகத் தொடங்குவர். உருக வேண்டாம். அதே துளசி சக்கரவர்த்தி நூற்றுக்கணக்கான படங்களில் சில்லறைப் பாத்திரங்களில் நடித்து, 1961-இல் வறுமையிலேயே மறைந்தார். ராய் ஒருவர் மரியாதை செய்தார், பாலசந்தர் ஒருவர் செய்தார். கூலி கொடுத்தவர்கள் ஹுக்ளிக் கரையிலும் கூவக் கரையிலும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

பெரியவர் பக்கம் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறுத்தால் நான் நேர்மையற்றவனாவேன். திரைப்பட நகைச்சுவையில் இழிவு நிரம்ப உண்டு. கறுப்பு நிறத்தைப் பழித்தல், பருத்த உடலைப் பழித்தல், ஒருவனை ஒருவன் எட்டி உதைத்தல், பெண்ணைக் கேலிப்பொருளாக்கல் இவையெல்லாம் ஆண்டாண்டாக நடந்தவை. கவுண்டமணி உதைக்கச் செந்தில் உதைபட, நாமும் சிரித்தோம். 1989-இல் 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சிக்கு நான் சிறுவனாக உருண்டு சிரித்தவன், இன்றும் சிரிப்பேன். ஆயினும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் அந்த உதை சோம்பேறித்தனமானதே. தனிக்கதையாக எழுதி, தனியாக எடுத்து, படத்தோடு ஒட்டவைத்தால் வேறென்ன வரும்? கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு, 1947-இல் விடுதலையாகி வந்த பின்னும், எவரையும் உதைக்காமல் நாட்டைச் சிரிக்கவைத்தார். அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' 1949-இல் அவரை நடுவில் வைத்தே வெளிவந்தது. நடுவில் நிறுத்தப்பெற்ற கோமாளி சிந்திக்கிறான். ஓரத்தில் நிறுத்தப்பெற்றவன் உதைபடுகிறான். குற்றம் நிறுத்தியவருடையது.

பிள்ளைகள் தேர்ந்த படமும் நடுவில் நிறுத்தப்பெற்ற கோமாளியின் படமே. 2006-இல் அதனை இயக்கிய சிம்புதேவன் கேலிச்சித்திரக்காரர். ஆகவே அது சித்திரக்காரரின் கண்ணால் பிறந்து, மதுரை வடிவேலுவின் உடம்பில் உயிர் பெற்றது. தாய்மாமனின் கைப்பொம்மையாகிய மன்னன், ஓவியனை அழைத்து மல்லன் ஒருவனின் உடலின்மேல் தன் தலையை வைத்து வரையச் சொல்கிறான். சுவரொட்டிகளில் தலைவர்களைக் கண்டு பழகிய நாட்டில் இக்காட்சிக்கு விளக்கவுரை வேண்டுமா? மக்களின் சாதிச் சண்டையை நிறுத்தாமல் அதற்கென்றே ஒரு மைதானம் திறந்துவைக்கிறான். நம் பிள்ளைகள் மேடைக்குத் தேர்ந்தெடுத்திருந்த முதற்காட்சி இதுவே. பெரியவர் அதனைப் படித்துப் பார்க்கவில்லை.

அந்த வடிவேலுவுக்கும் திரையுலகம் செய்தது புதிதன்று. அப்படத்தின் அடுத்த பாகம் தொடங்கி, பூசலில் நின்றுபோய், சில ஆண்டுகள் அவர் புதிய படமின்றி இருந்தார். 2021-இல்தான் அப்பூசல் தீர்ந்தது. அந்த இடைக்காலத்தில், 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில், 'பிரண்ட்ஸ்' படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணிக்காக உலகெங்கும் தமிழர்கள் பிரார்த்தனை செய்து விளையாடினார்கள். வேலையில்லாத நடிகருக்கு இப்படியொரு பெருமை வேறெந்த மொழியில் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. 2023-இல் 'மாமன்னன்' வந்தது. அதில் அவர் அமைதியாக நாற்காலியில் அமர்வதைக் கண்டபோது, முப்பது ஆண்டுகளாக நாம் இவரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. யோகிபாபுவுக்கு 2021-இல் 'மண்டேலா'வும், சூரிக்கு 2023-இல் 'விடுதலை'யும் வாய்த்ததைப் பார்த்தால் காலம் சற்றே திரும்புகிறது என்று நம்பலாம்.

கொச்சைத் தமிழ் என்ற வாதம் ஒன்று எஞ்சி நிற்கிறது. அன்பர்களே, நம் வீட்டு நிலையை நாமே அறிவோம். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன, தமிழ் கிடைப்பதில்லை. பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் வங்காளமும், நண்பர்களோடு இந்தியும் பேசுகிறார்கள். தமிழ் பாட்டியோடு மட்டும். பாட்டி போனபின் அதுவும் இல்லை. அந்த நாடகத்தில் புலிகேசியாக வேடமேற்கவிருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் குறிப்பேட்டை அவள் தாயார் எனக்குக் காட்டினார். வசனம் முழுவதையும் வங்காள எழுத்தில் எழுதியிருந்தாள். தமிழில் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் வாயைத் திறந்தால் மதுரைத் தமிழ் அப்படியே வந்தது. எங்கே நீட்ட வேண்டும், எங்கே விழுங்க வேண்டும், எந்தச் சொல்லில் எள்ளல் ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குறள் ஒப்புவித்துப் பரிசு பெற்ற சிறுவனிடம் அக்குறளின் பொருளைக் கேட்டேன், ஆங்கிலத்தில் சொன்னான். குறளைக் குறைத்துச் சொல்லவில்லை. அச்சிறுவனையும் குறைத்துச் சொல்லவில்லை. இருவரில் தமிழில் வாழ்ந்துகொண்டிருப்பவர் யார் என்று மட்டும் கேட்கிறேன்.

மொழி ஒருவனுக்குச் சொந்தமாயிற்று என்பதற்கு அடையாளம் அம்மொழியில் அவன் சிரிப்பது. என் மகள் சப்பானியச் சித்திரத்தின் வேடிக்கைக்கு ஆங்கில எழுத்துகளைப் படித்துச் சிரிக்கிறாள். அரை நொடி தாமதமாகவே சிரிக்கிறாள். வடிவேலுவுக்கோ அவர் வாய் திறக்குமுன்னரே சிரித்துவிடுகிறாள்.

இவ்வாண்டு விழாவின் பட்டியல் மார்கழி முதல் வாரத்தில் மீண்டும் குழுவின் முன் வரவிருக்கிறது. அந்த அறுவரில் ஒருவன் தந்தையின் பணிமாற்றத்தால் நாக்பூர் போய்விட்டான். அவன் ஏற்றிருந்த தளபதி வேடத்தை என் மகள் ஏற்றிருக்கிறாள். தாள் மகுடம் சென்ற ஆண்டு மழையில் நனைந்துவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டும். ஒட்டு மீசை என் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நாடகம் இருபது நிமிடம். ஒரு நாற்காலியும், ஓவியன் பிடிக்க ஒரு வெள்ளைத் துணியும் போதும். இம்முறை பட்டியல் படிக்கப்படும்போது நான் எழுந்து பேசுவேன். பெரியவருக்கு முன்வரிசையில் நடுவிருக்கையை நானே பிடித்துவைக்கிறேன்.